ஸ்டென்ட் வைத்தவர் நடந்தால் மூளைக்கு என்ன கிடைக்கும்?

அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எந்தத் தெருவிலும் இதய நோய் வந்த ஒருவராவது இருப்பார். அவரைச் சுற்றி இரண்டு பேச்சு உலவும். ஒன்று வீட்டில் கேட்பது: “ஸ்டென்ட் வெச்சிருக்கு, உடம்பை அலட்டிக்காதீங்கப்பா, பேசாம உட்காருங்க.” (அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்தான் ஸ்டென்ட்.) இன்னொன்று வாட்ஸ்அப்பில் வருவது: “தினமும் நடந்தால் மூளைக்கு ரத்தம் பாயும், மறதியே வராது.” முதலாவதை நம்பியவர் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. இரண்டாவதை நம்பியவர் ஒரு மாதம் நடக்கிறார், பெயர்கள் இன்னும் மறக்கத்தான் செய்கின்றன என்று விட்டுவிடுகிறார். இருவருக்குமே நஷ்டம்.

இதயத்துக்கு நோய் வந்தால் மூளைக்கு என்ன ஆகிறது, நடை அதில் எந்த இடத்தில் உதவுகிறது, எது நிச்சயம், எது இன்னும் நிச்சயமாகவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். மருத்துவம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இது நோயாளிக்கும் அவருடைய மாத்திரை டப்பாவை அடுக்கித் தருபவருக்கும்.

ஜெயதேவா ஒரு பக்கம், நிம்ஹான்ஸ் ஒரு பக்கம்

பெங்களூரில் நெஞ்சுக்கு ஒன்று என்றால் ஜெயதேவா மருத்துவமனை, மூளைக்கு ஒன்று என்றால் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. இரண்டும் நகரின் தெற்கே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டோவில் போகும் தூரம்தான். நம் மனத்திலோ அவை வெவ்வேறு ஊர்கள். இதய நோயாளி ரிவ்யூவுக்குப் போகிறார். நெஞ்சு வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, பி.பி. எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறார். காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று அவர் தடுமாறுவது, கடையில் மீதிச் சில்லறையை எண்ண முன்னைவிட நேரமாவது, பேச்சின் நடுவே விட்ட இடம் தெரியாமல் நிற்பது எல்லாம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே தெரியும். “வயசாச்சுல்ல” என்பதோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

வயதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பத்தில் நான்கு பேர் அளவுக்கு நினைவிலோ கவனத்திலோ திட்டமிடுவதிலோ ஏதோ ஒரு குறைவு தெரிகிறது. அதே வயதில் இதயம் நன்றாக இருப்பவர்களிடம் இவ்வளவு இல்லை. இதயச் செயலிழப்பு என்றால், உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், தள்ளும் பலம் போதாது. இதயத்தை ஸ்கேன் செய்து தரும் எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஈ.எஃப்.’ என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். இதயத்தின் இடது கீழறை, தன்னிடம் நிறைந்திருக்கும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு. 40-க்குக் கீழே இறங்கினால் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்று பொருள்.

ஸ்டென்ட் வைத்த எல்லாருக்கும் இதயச் செயலிழப்பு இருக்காது. ஈ.எஃப். நன்றாக இருப்பவர்களே அதிகம். அப்படியானால் அவர்களுக்கு இந்தக் கட்டுரை எதற்கு? அவர்களுக்கும் மூளையோடு ஒரு தொடர்பு இருக்கிறது, அது வேறு வழியாக வருகிறது.

காவிரித் தண்ணீரை வைத்துப் புரிந்துகொள்வோம்

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கிளம்பி, டி.கே. ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் ஆகி, கிட்டத்தட்ட 500 மீட்டர் மேலே ஏறி வருகிறது. வழியில் பெரிய குழாய், பிறகு பேட்டைக்குப் போகும் குழாய், பிறகு தெருவுக்குள் மெல்லிய குழாய். தெருமுனையில் வால்வைத் திறந்து மூடி யாருக்கு எவ்வளவு என்று பார்க்க ஓர் ஆள். பம்பில் கோளாறு என்றாலும் குழாய் உள்ளே துருப்பிடித்து அடைத்தாலும் முதலில் காய்வது தெருக்கோடியில் உள்ள கடைசி வீடு.

இதயம் அந்தப் பம்ப். தமனிகள் குழாய்கள். மூளை மேட்டில் இருக்கும் பேட்டை, அதுவும் தண்ணீர் அதிகம் செலவழிக்கும் பேட்டை. உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு ரத்தம் அங்கே போகிறது. இவ்வளவு செலவு இருந்தும் அதற்குச் சேமித்து வைக்கும் பழக்கம் கிடையாது. ரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பத்து நொடி அளவில் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

வால்வு ஆள் வேலையை மூளைக்குள் நுண்தமனிகள் பார்க்கின்றன. நுண்தமனி என்பது சுருங்கவும் விரியவும் கூடிய தசை கொண்ட மிக மெல்லிய தமனி. பி.பி. கொஞ்சம் ஏறினால் சுருங்கும், இறங்கினால் விரியும். அதனால்தான் நாம் படுக்கையிலிருந்து எழுந்து நின்றாலும் மூளைக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறுவதில்லை. கடைசி வீடு எது? மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பொருள். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகள் நிறைந்த இடம் அது. அங்கே போகும் தமனிகள் நீளமானவை, மெல்லியவை. ஒன்று அடைத்தால் பக்கத்திலிருந்து உதவிக்கு வர வேறு பாதை அதிகம் கிடையாது.

மூளை எப்படிக் காய்கிறது

பம்பே பலவீனமானால் நேரடியாக வரத்து குறையும். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருப்பதையும், இதய மாற்று அறுவை செய்த பிறகு அது மீண்டும் கூடுவதையும் மருத்துவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஈ.எஃப். நன்றாக இருப்பவருக்கு நடப்பது வேறு. நெஞ்சில் அடைப்பு வந்த காரணம் நெஞ்சோடு நிற்பதில்லை. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை எல்லாம் உடம்பு முழுக்க உள்ள தமனிகளைக் கெடுக்கின்றன. ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தது இதயத்தின் மேலே ஓடும் ஒரு தமனியில், சில சென்டிமீட்டர் நீளத்தைத்தான். மூளைக்குள் ஓடும் எண்ணற்ற நுண்தமனிகளை எந்த ஸ்டென்டாலும் தொட முடியாது. அவை தடித்து, விறைத்து, விரியும் தன்மையை இழக்கும்போது வெண்பொருளில் சிறுசிறு சேதங்கள் சேர்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது பெரும்பாலும் இவைதான். அப்போது ஆளுக்குப் பழைய ஞாபகம் அழிவதில்லை. வேகம் குறைகிறது. இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாமல் போகிறது, கணக்கு குழம்புகிறது. மேலே சொன்ன சில்லறை எண்ணும் தடுமாற்றம் இந்த வகை.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் ஒன்று உண்டு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அது உள்ளவர்களுக்கு மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கலாம். பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் இதற்காகத்தான். நன்றாக இருக்கிறதே என்று அதை நாமாக நிறுத்தக் கூடாது. எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் அந்த மாத்திரையின் வேலையை நடை செய்யாது.

அப்புறம் மனச்சோர்வு. இதய நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருக்கிறது. சோர்ந்த மனம் கவனிக்காது, கவனிக்காதது நினைவில் நிற்காது. வீட்டார் மறதி என்று நினைப்பதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். இதற்கு மருத்துவம் உண்டு, குணமும் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் கஷ்டப்படுகிறார்கள்.

பைபாஸ் முடிந்து வந்தவர் சில நாள் குழப்பமாகப் பேசினால் குடும்பமே பயந்துபோகும். பெரிய அறுவைக்குப் பின் அது அடிக்கடி வருவதுதான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தெளிந்துவிடும்.

இதுவரை பார்த்தது: மூளை இடைவிடாத ரத்த வரத்தை நம்பி வாழ்கிறது. பம்ப் பலவீனம், நுண்தமனிச் சேதம், ரத்தக்கட்டி, மனச்சோர்வு ஆகியவை தனியாகவோ சேர்ந்தோ இதய நோயாளியின் மூளையைப் பாதிக்கின்றன. வயது இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

நடக்கும் அரைமணியும் மீதி இருபத்து மூன்றரை மணியும்

“நடந்தால் மூளைக்கு ரத்தம் பாயும்” என்பதை இனி உரசிப் பார்க்கலாம். நடக்கும்போது இதயம் அதிகமாக ரத்தம் தள்ளுகிறது, உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் ரத்தத்தில் பெரும்பங்கு கால் தசைகளுக்குப் போகிறது. மூளைக்குப் போவது மிதமான அளவே கூடுகிறது. மூச்சிரைக்க ஓடினால் அந்தக் கூடுதலும் மறுபடி குறைந்துவிடும். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அது குறைந்தால் மூளையின் நுண்தமனிகள் சுருங்குகின்றன. ஆகவே வேர்த்து விறுவிறுக்க ஓடினால் மூளைக்கு இன்னும் நல்லது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. பம்ப் பலவீனமானவருக்கு உழைப்பின்போது கூடும் அளவு இன்னும் குறைவு.

அப்படியானால் நன்மை எங்கிருந்து வருகிறது? நடந்து முடித்த பிறகு உடம்பில் தங்குவதிலிருந்து.

காவிரிக் குழாய் இரும்பு, தானாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. தமனி உயிருள்ளது. அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவதை அந்தப் படலம் உணரும். உரசல் கூடும்போது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். அது தமனியின் தசையைத் தளர்த்தி விரியச் செய்யும். ரத்தம் உறையக் காரணமான ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதையும் தடுக்கும். இந்த வாயு உடலுக்குள் செய்தி சொல்லும் வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வாயுவைக் கொண்டுதான் வேலை செய்கிறது. மாத்திரை அதை வெளியிலிருந்து சிறிது நேரத்துக்குத் தருகிறது. நாள்தோறும் நடப்பவருக்கு எண்டோதீலியம் தானே அதைச் சுரக்கும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொள்கிறது. (அதற்காக அந்த மாத்திரையைப் பையில் வைக்காமல் நடக்கப் போக வேண்டாம்.)

இந்த மீட்சி கால் தமனியோடு நிற்பதில்லை, உடம்பெங்கும் நடக்கிறது. பி.பி. சில புள்ளிகள் இறங்கும், சர்க்கரை கட்டுக்குள் வரும், தூக்கம் ஆழமாகும். நாளின் ஒவ்வொரு மணியும் மூளையின் நுண்தமனிகள் தாங்கும் சுமை சற்றுக் குறைகிறது. நடையின் பெரிய லாபம் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு மாதத்தில் பெயர்கள் ஞாபகம் வரவில்லையே என்று நடையை நிறுத்தியவரிடம் சொல்ல விரும்புவதும் இதைத்தான். இன்னும் பத்து வருஷம் கழித்து வரக்கூடிய சேதத்தைத்தான் நடை இன்று தடுத்துக்கொண்டிருக்கிறது. அதை அந்த மாதத்திலேயே கண்ணால் பார்க்க முடியாது.

மூளை செல்களுக்கு நேரடியாகக் கிடைப்பதும் உண்டு. உடற்பயிற்சிக்குப் பிறகு பி.டி.என்.எஃப். என்ற புரதம் ரத்தத்தில் கூடுகிறது. நரம்பு செல்கள் பிழைத்திருக்கவும் தங்களுக்குள் புதிய இணைப்புகளை உண்டாக்கவும் உதவும் புரதம் அது. 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஓராண்டு வாரம் மூன்று நாள் நடந்தது. மற்றது உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தது. நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ், அதாவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி, ஏறத்தாழ 2 சதவீதம் பெரிதானது. மற்றவர்களுக்கு ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கியது. “நடந்தால் மூளை வளரும்” என்று சுற்றும் செய்திகளில் பலவற்றின் மூலம் இதுதான். அவர்கள் இதய நோயாளிகள் இல்லை என்பதை மட்டும் அந்தச் செய்திகள் விட்டுவிடுகின்றன.

இதய நோயாளிகளிடம் பார்த்தது என்ன?

பாதுகாப்பு பற்றிய சான்று உறுதியானது. ஹெச்.எஃப். ஆக்‌ஷன் என்ற ஆய்வின் முடிவுகள் 2009-ல் வந்தன. ஈ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே இருந்த 2331 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குக் கண்காணிப்போடு உடற்பயிற்சி தொடங்கி, பிறகு வீட்டில் தொடரச் சொன்னார்கள். பயிற்சியால் கெடுதல் கூடவில்லை. இதயத்துக்குக் கிடைத்த நன்மை சிறியது, ஆனால் இருந்தது. மனச்சோர்வும் சற்றுக் குறைந்தது. பம்ப் இவ்வளவு பலவீனமானவர்களே பாதுகாப்பாகப் பயிற்சி செய்தார்கள் என்பதை வீட்டில் “உட்காருங்கப்பா” என்பவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

மூளைத்திறன் பற்றிய சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. மாரடைப்புக்குப் பிறகோ இதயச் செயலிழப்பிலோ சில மாதம் பயிற்சி செய்தவர்களிடம் நடத்திய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் கவனமும் திட்டமிடும் திறனும் வேகமும் முன்னேறின. சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. “இதய நோயாளி நடந்தால் மறதி நோய் வராது” என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு பக்கத்திலிருந்து நல்ல சான்று இருக்கிறது. டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையையே நடத்த முடியாத அளவுக்குப் போகும் மறதி நோய், பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் அளவுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பட்டியலில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் பருமன், உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு எல்லாம் இருக்கின்றன. இதய டாக்டர் கொடுக்கும் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒன்றுதான்.

ஃபின்லாந்தில் 1260 பேரிடம் செய்த ஃபிங்கர் ஆய்வும் இதையே காட்டியது. 2015-ல் முடிவு வந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பி.பி. போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் இரண்டு ஆண்டு சேர்த்துச் செய்தவர்களுக்கு மூளைத்திறன் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. தனியாக நடை மட்டும் என்றில்லாமல், மாத்திரை, சாப்பாடு, தூக்கம், நாலு பேரோடு பேச்சு எல்லாவற்றோடும் சேர்ந்த நடைதான் பலன் தருகிறது.

சுருக்கமாக: நடையின் பலன் பெரும்பாலும் தமனிகளின் வழியாக மெதுவாக மூளைக்கு வந்து சேர்கிறது. நோய் கட்டுக்குள் இருக்கும் இதய நோயாளிக்கு அது பாதுகாப்பானது என்பது தெளிவு. மூளைத்திறன் கூடும் என்பதற்கு நம்பிக்கை தரும் சான்று உண்டு, முடிந்த முடிவு இல்லை.

பயம் எங்கிருந்து வந்தது

“படுத்தே இரு” என்பது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்ப் பலர் இறந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்கே எதிர்ப்பு வந்தது. கிட்டத்தட்ட அதே நேரம், 1953-ல், ஜெர்ரி மாரிஸ் லண்டனின் மாடி பஸ்களை ஆராய்ந்து எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதன் பிறகு மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வரவில்லை.

பெங்களூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 அக்டோபர் 29 அன்று, நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் உடற்பயிற்சி செய்த நாளிலேயே காலமானார். கன்னடம் பேசுபவர், தமிழ் பேசுபவர் என்ற வேறுபாடில்லாமல் நகரமே அழுதது. அடுத்த நாட்களில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. ஜிம்முக்குப் போகாதே, ஓடாதே என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அந்தத் துயரம் உண்மையானது, அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்கு நேர்ந்ததிலிருந்து எல்லாருக்கும் விதி செய்ய முடியாது. கடுமையாக உழைக்கும் நேரத்தில் மாரடைப்பு அபாயம் சிறிது நேரம் கூடுவது உண்மை. உடலைப் பழக்காமல் திடீரென்று இறங்குபவர்களுக்கு அது மிக அதிகம், வழக்கமாக உழைப்பவர்களுக்கு மிகக் குறைவு. எனவே பயத்துக்குச் சரியான பதில் படிப்படியாகப் பழகுவது.

எவ்வளவு, எப்படி

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. இதய நோயாளிக்கு இது போய்ச்சேர வேண்டிய ஊர், கிளம்பும் இடம் இல்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, பத்து நிமிடம் சமதளத்தில் மெதுவாக நடப்பதில் தொடங்கலாம். வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டினால் போதும். அல்சூர் ஏரிக்கரை, கப்பன் பார்க் பாதைகள், லால்பாக்கின் உள்சாலை எல்லாம் தொடக்கத்துக்கு நல்லவை. லால்பாக் பாறை மேட்டை உடனே ஏற வேண்டாம். ஏற்றம் இதயத்துக்கு வேறு கணக்கு. தெருவில் நடைபாதை உடைந்து கிடக்கிறது, நாய்த் தொல்லை என்றால் அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ நடந்தாலும் தமனிக்கு ஒன்றுதான்.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூரின் விடிகாலைக் குளிர் தமனிகளைச் சுருக்கும். நெஞ்சு வலி உள்ளவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பாமல் வெயில் வந்த பிறகு போவது நல்லது.

வேகத்தை அறியக் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதய நோயாளிகள் பலர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைத்து அதன் சுமையைத் தணிக்கும் மருந்துகள் அவை. அவற்றைச் சாப்பிடுபவருக்கு நாடி எளிதில் ஏறாது. ‘வயதுக்கு இவ்வளவு துடிப்பு’ என்ற பொதுக்கணக்கை எட்டப் பார்த்தால் உடம்பு தாங்காது. பேச்சுதான் நம்பகமான அளவுகோல். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட மட்டும் மூச்சு போதாமல் இருக்க வேண்டும். பேச்சே துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். துணையோடு நடப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். பேசிக்கொண்டு நடப்பதில் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு.

முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக இருக்கட்டும். வேகமாக நடந்து சட்டென்று நின்றால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கி பி.பி. இறங்கும். பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் தலைசுற்றல் வரும், விழலாம்.

காலையில் யூரின் மாத்திரை சாப்பிடுபவர்களின் சிக்கலை யாரும் பேசுவதில்லை. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் கழிப்பறை தேட வேண்டும். பொதுக் கழிப்பறை கிடைக்காத ஊரில், குறிப்பாகப் பெண்கள், ஒன்று நடையை விடுகிறார்கள் அல்லது மாத்திரையை விடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கக் கூடாது, பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். பீட்டா பிளாக்கரும் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமலே போகலாம். வேர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதே நல்ல பயிற்சி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது, அப்போது பி.பி. எகிறும். பைபாஸ் செய்தவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை, அதாவது 6 முதல் 12 வாரம், கனமான எதையும் தூக்கக் கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேனை வேறு யாராவது ஏற்றட்டும்.

நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், குளிர்ந்த வேர்வை, கண் இருட்டல், ஒழுங்கில்லாத படபடப்பு. இவற்றில் எது வந்தாலும் உடனே நின்று உட்கார வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் சொன்னபடி வைத்தும் வலி அடங்கவில்லை என்றால் 108. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்கத் தொடங்கக் கூடாது.

மெதுவாக வரும் மறதி வேறு, திடீரென்று வரும் குழப்பம் வேறு. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் என்றால் பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து அந்தக் கணக்கு ஓடும்.

இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலோ கால் வீங்கினாலோ அது உடம்பில் நீர் சேர்வதன் அடையாளம். அன்று நடை வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், ஓய்விலும் நெஞ்சு வலிப்பவர்கள், துடிப்பு கட்டுக்குள் வராதவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் பயிற்சியைத் தொடங்கவே கூடாது.

அடுத்த ரிவ்யூவுக்கு எடுத்துப்போக

கார்டியாக் ரிஹாப் என்று ஒன்று இருக்கிறது. மாரடைப்புக்கோ அறுவைக்கோ பிறகு கண்காணிப்போடு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, மனநல உதவி மூன்றும் சேர்த்துத் தரும் திட்டம். இந்தக் கண்காணிப்பில் விபரீதம் நேர்வது மிக அரிது. நம் ஊரில் எல்லா மருத்துவமனையிலும் இது கிடையாது. இருக்கும் இடத்திலும் கேட்டால்தான் சொல்கிறார்கள். எனவே கேளுங்கள்: எனக்கு இது உண்டா? இல்லையென்றால், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நடக்கலாம்? ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் எளிய சோதனையைச் செய்து பார்த்துச் சொல்ல முடியுமா?

மறதியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் தடுமாற்றம், மாத்திரை தவறுகிறதா என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் ஐந்து நிமிட ரிவ்யூவிலும் சொல்லிவிடலாம். தைராய்டு, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, காது கேளாமை என்று எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பார்க்காமல் வயது மேல் பழி போடக் கூடாது. வீட்டில் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது ஒருவர் நிரப்பி வைப்பது. பி.பி. மாத்திரை தவறாமல் உள்ளே போனால்தான் நடையும் தன் வேலையைச் செய்ய முடியும்.